பாலாற்றங்கரைப் பள்ளி ஒன்று: நான்கு வருடம் பார்த்த ஒரு அம்மாவின் விமர்சனம்

ஏப்ரல், மே வந்தால் எனக்கு வாரத்துக்கு நான்கு போனாவது வருகிறது. "அக்கா, உங்க பொண்ணு படிக்கிற ஸ்கூல் எப்படி? ரேங்க் கார்டே கிடையாதாமே? புள்ளைங்க ஊர் ஊரா தண்ணி புடிச்சிக்கினு சுத்துதாமே, படிப்பு இருக்குதா இல்லயா?" ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் பேசுகிறேன், ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போகிறது. அதனால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பள்ளி வேலூருக்கு மேற்கே, பாலாற்றை ஒட்டிய ஒரு ஊரில் இருக்கிறது. பெயர் போடவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், அதோடு என் மகள் இன்னும் அங்கேதான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன், வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் வேலை. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுக்கிற வீடு இல்லை எங்களுடையது. அந்த மாதிரி வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு இந்தப் பள்ளி என்ன செய்தது என்பதுதான் நான் சொல்ல முடிவது.

முதலில் இது என்ன வகைப் பள்ளி என்று சொல்லிவிடுகிறேன், பாதிக் குழப்பம் இதில்தான். இது அரசு உதவி பெறும் பள்ளி. அனுமதித்த பணியிடங்களில் இருக்கிற ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது, பள்ளியை நடத்துவது நிர்வாகம். புத்தகம் இலவசம், மதியச் சாப்பாடு உண்டு, பஸ் பாஸ் உண்டு, பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் உண்டு. தமிழ் மீடியத்தில் கட்டணம் கிடையாது. ஆங்கில மீடியம் சுயநிதிப் பிரிவு, அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். அதே சமச்சீர் பாடப் புத்தகம், அதே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. "ஏதோ சிபிஎஸ்இ மாதிரி, இன்டர்நேஷனல் மாதிரி" என்று நினைத்து வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

என் சித்தி மகன் மின்னசோட்டாவில் இருக்கிறான். நான் இந்தப் பள்ளியைப் பற்றிச் சொன்னதும், "அக்கா, இது எங்க ஊர் சார்ட்டர் ஸ்கூல் மாதிரியே இருக்கு" என்றான். அமெரிக்காவில் அதற்கு முதன்முதலில் சட்டம் கொண்டுவந்தது அந்த மாநிலம்தான், 1991ல். அடுத்த வருடமே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. பணம் அரசுப் பணம், பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது, எப்படி நடத்துவது என்பது பள்ளியின் கையில், இடத்தை விட அதிகம் பேர் கேட்டால் குலுக்கல். இதையெல்லாம் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. அரசுப் பணத்தில் தனியார் நிர்வாகம் என்பது நமக்குப் புதுசே இல்லை. 1854ல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கையிலேயே உதவி மானியம் வந்துவிட்டது, வட ஆற்காடு மாவட்டம் முழுக்க மிஷன் பள்ளிகளும் ஊர்ப் பெரியவர்கள் ஆரம்பித்த பள்ளிகளும் அந்த மானியத்தில் வளர்ந்தவைதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே பள்ளியிடம் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, இத்தனை வருடத்தில் இதைச் செய்கிறேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும், செய்யாவிட்டால் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள், பள்ளியை மூடவும் செய்வார்கள். இங்கே உதவி பெறும் பள்ளியிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்காததால் பல பள்ளிகள் கையில் இருக்கிற சுதந்திரத்தைத் தொடாமலேயே வைத்திருக்கின்றன. நான் எழுதுகிற பள்ளி அதைத் தொட்டது. யாரும் கேட்காமலே, பிள்ளைகள் என்ன வேலை செய்தார்கள் என்று தானே ஒரு கணக்கை எழுதி வைத்து, அதை வருடத்துக்கு இரண்டு முறை ஊர் முன்னால் காட்டுகிறது. என் பார்வையில் இந்தப் பள்ளியின் மொத்தப் பெருமையும் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

நாங்கள் அங்கே போனதே கஷ்டத்தில்தான். ஆறாம் வகுப்பு வரை வேறு ஒரு மெட்ரிக் பள்ளி. கொரோனா சமயத்தில் வீட்டுக்காரருக்குப் பாதிச் சம்பளம், இரண்டாம் டெர்ம் கட்டணம் கட்டத் தாமதம் ஆனது, ஒருநாள் காலையில் ஆன்லைன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து என் மகளை எடுத்துவிட்டார்கள். குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு வந்து "அம்மா, லிங்க் வரலம்மா" என்றாள். அந்த வருடம் எத்தனையோ குடும்பங்கள் தனியார் பள்ளியை விட்டு அரசுப் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் வந்தன, அதில் நாங்களும் ஒன்று. ஏழாம் வகுப்பில் ஒரு காலியிடம் இருந்தது, கிடைத்தது.

2021 நவம்பர் 1ஆம் தேதி சின்ன வகுப்புகள் திறந்தன. மூன்றாவது வாரமே பாலாற்றில் வெள்ளம். எங்கள் தலைமுறையில் பாலாறு என்றால் மணல்தான், கிரிக்கெட் விளையாடுகிற இடம், அதில் கரை புரண்டு தண்ணீர் போனதைப் பார்த்து ஊரே பாலத்துக்குப் போய் நின்றது. மற்ற பள்ளிகள் விடுமுறை முடிந்து பாடத்தைத் தொடர்ந்தன. இந்தப் பள்ளியில் வெள்ளம் வடிந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை நோட்டும் சாக்பீஸுமாகத் தெருவுக்கு அனுப்பினார்கள். எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் வரை தண்ணீர் வந்தது, வீட்டில் இருக்கிற வயதானவர்கள் இதற்கு முன்னால் எப்போது இப்படிப் பார்த்தார்கள், அவர்களுடைய தாத்தா பாட்டி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். என் மாமியார் 1903ல் வாணியம்பாடியை அடித்துப்போன வெள்ளத்தைப் பற்றித் தன் பாட்டி சொன்ன கதையைச் சொல்ல, என் மகள் உட்கார்ந்து எழுதினாள். இரண்டு பேரும் அப்படி ஒரு மணி நேரம் பேசி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இந்த மாதிரி வேலைக்கு அங்கே 'ஊர் வேலை' என்று பெயர். காலையில் பாடப் புத்தகம், வாரத்தில் மூன்று மதியம் ஊர் வேலை.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது பள்ளியிலிருந்து போன். எனக்கு உடனே வயிற்றைப் புரட்டியது, பள்ளியிலிருந்து போன் வந்தால் கட்டணம் அல்லது புகார் என்றுதான் பழக்கம். குழு டீச்சர் பேசினார். (பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர், ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை அதே டீச்சர். பாடம் வேறு யார் எடுத்தாலும் இந்தப் பதினைந்து பேருக்கு இவர்தான் பொறுப்பு.) "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. உங்க பொண்ணு கை தூக்குறா, சரி சொல்லுமான்னு கூப்பிட்டா, 'ஒண்ணுமில்ல டீச்சர்'னு கையை இறக்கிடுறா. மூணு நாளா பாக்குறேன். முன்னாடி ஸ்கூல்ல ஏதாவது நடந்ததா?" என்று கேட்டார்.

நடந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதற்கு "இது கூடத் தெரியாதா" என்று வகுப்பே சிரித்தது, டீச்சரும் சேர்ந்து சிரித்தார் என்று எப்போதோ சொன்னாள். நான் "விடு" என்று சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை என்பதை, அவளைப் பார்த்து மூன்று வாரமே ஆன ஒரு டீச்சர் கண்டுபிடித்துச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அந்த டீச்சர் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. கையை இறக்கினால் விட்டுவிடுவார், மதியம் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் போய் "காலைல என்ன கேக்க வந்த?" என்பார். பிப்ரவரி வாக்கில் வகுப்பிலேயே கேட்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு பிள்ளையோடும் பத்து நிமிடம் தனியாகப் பேச்சு இருக்கிறது. அதற்கு ஒரு நோட்டு. இடது பக்கத்தில் இந்த வாரம் தவறிய ஒன்று, வலது பக்கத்தில் அதற்கு என்ன செய்தேன். நாங்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ரேங்க் கார்டு கிடையாது என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன், மார்க் உண்டு, ஒவ்வொரு தேர்வுக்கும் உண்டு, உங்கள் பிள்ளையின் மார்க் உங்களுக்கு வரும். முதல், இரண்டாவது என்று வரிசைப்படுத்துவது மட்டும்தான் கிடையாது. மாநில அளவில் முதலிடம் இரண்டாமிடம் என்று பட்டியல் போடுவதை அரசே 2017ல் நிறுத்திவிட்டது, நாம்தான் தெருவில் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது தண்ணீர் விஷயம். போனில் கேட்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், எனக்கும் சொல்ல ஆசை இதில்தான்.

ஒன்பதாம் வகுப்பில் ஊர் வேலை, குடிக்கிற தண்ணீர். எங்கள் பக்கம் டேனரி (தோல் பதனிடும் தொழிற்சாலை) எப்படி, தண்ணீர் எப்படி என்று நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, எல்லா இடத்திலும் அதே கதை. தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைக்கிறார்கள், பதனிடுவதற்கு முன்னால் அந்த உப்பை ஊறவைத்துக் கழுவ வேண்டும், கழுவிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் கிணற்றில் உப்பு ஏறும். அதற்கப்புறம் பதனிடப் போடுகிற குரோமியம் தனி. இதைப் புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்துவிட்டுப் போகலாம். இவர்கள் ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து மலையடிவாரம் வரை வீட்டு போர், பொதுக் கிணறு, கைப்பம்பு என்று தண்ணீர் எடுத்து டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் அளவு), பிஎச் (புளிப்பா, காரமா என்ற அளவு), கடினத்தன்மை பார்த்தார்கள்.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தால் சமையல் மேடை முழுக்க பாட்டில். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், பன்னிரண்டு. திட்ட வாயெடுத்தவள் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தேன். வெள்ளைத் தாள் ஒட்டி, மேலே செலோ டேப். எந்தத் தெரு, போர் எத்தனை அடி, எந்தத் தேதி, எத்தனை மணி, மோட்டார் போட்டு எத்தனை நிமிடம் கழித்துப் பிடித்தது, பிடித்தவர் பெயர். வாய் வரை நிரப்பி, காற்று இல்லாமல் மூடியிருந்தாள். "அதே தண்ணியில மூணு தடவை அலசிட்டுத்தான் புடிச்சோம்மா" என்றாள். நான் பதினெட்டு வருடமாக லேபில் இருக்கிறேன். லேபிள் இல்லாமல் வருகிற சாம்பிள், நேரம் எழுதாமல் வருகிற சாம்பிள், யாருடையது என்று தெரியாமல் கொட்ட வேண்டிய சாம்பிள், இதெல்லாம் பெரியவர்கள் செய்கிற தவறு, தினமும் பார்க்கிறேன். பதினான்கு வயதுப் பிள்ளை இவ்வளவு சுத்தமாகச் செய்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளி சொல்லிக்கொடுத்தது. முதல் தடவை எடுத்த பாட்டில்களில் நேரம் எழுதவில்லை என்று டீச்சர் எல்லாவற்றையும் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடியும் போய் எடுத்து வரச் சொன்னாராம்.

அப்புறம் ஜனவரியில் காட்சி நாள். வருடத்துக்கு இரண்டு முறை என்று சொன்னேனே, அதில் ஒன்று. 2000ல் சான் டியேகோவில் ஆரம்பித்த ஹை டெக் ஹை என்ற சார்ட்டர் பள்ளியில் பிள்ளைகள் இப்படித்தான் தங்கள் வேலையை வெளி ஆட்களுக்குக் காட்டுவார்கள், அந்த வழக்கத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டோம் என்று தலைமையாசிரியர் கூட்டத்தில் சொன்னார். மாலை ஐந்தரை மணிக்கு ஆரம்பம், அதாவது ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களுக்கு வசதியாக. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, ஒவ்வொரு குழுவும் தன் மேசைக்குப் பின்னால் நிற்கிறது. பெற்றோர் மட்டும் இல்லை, தெருக்காரர்கள், வார்டு உறுப்பினர், பீடி சுற்றுகிற அக்காமார்கள், கம்பெனி ஆட்கள், யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வி கேட்கலாம்.

என் மகள் மேசைக்கு ஒரு பெரியவர் வந்தார், டேனரியில் முப்பது வருடம் வேலை செய்தவர், கையைப் பார்த்தாலே தெரியும். டிடிஎஸ் மீட்டரைப் போட்டுக் காட்டச் சொன்னார். அவர் தெருத் தண்ணீர், 1,640 என்று வந்தது. "இது நல்லதா கெட்டதா?" அவள் சொன்னாள், "குடிக்கிற தண்ணிக்கு 500க்குள்ள இருக்கணும் தாத்தா. வேற தண்ணியே இல்லன்னா 2000 வரைக்கும் பரவாயில்லன்னு அரசு அளவு வெச்சிருக்கு." அவர் விடவில்லை. "அப்போ குரோமியம் எவ்ளோ கீது?" ஒரு நிமிடம் நின்றாள். நான் பின்னால் நின்று கையைப் பிசைகிறேன். "இந்த மீட்டர் கரண்டு எவ்வளவு போகுதுன்னுதான் பாக்கும், அத வெச்சு உப்பக் கணக்குப் போடும். குரோமியத்த இது காட்டாது தாத்தா. எனக்குத் தெரியாது. கேட்டுட்டு வந்து சொல்றேன்." அவர் தலையாட்டிவிட்டுத் தன் தெருப் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை டீச்சரோடு அவர் வீட்டுக்கே போய், எந்தப் பரிசோதனை செய்தால் தெரியும், அதை எங்கே கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஐந்தாம் வகுப்பில் கேள்வி கேட்கப் பயந்த பிள்ளை, ஊர் முன்னால் "எனக்குத் தெரியாது" என்று தலை நிமிர்ந்து சொன்னாள். இதற்கு எந்தப் பள்ளி எவ்வளவு கட்டணம் கேட்டாலும் தகும், இங்கே கட்டணமே இல்லை.

ஒரு சிக்கலும் வந்தது, அதைப் பள்ளி கையாண்ட விதமும் சொல்ல வேண்டும். குழுவில் ஒரு பிள்ளையின் அப்பா டேனரித் தொழிலாளி. "எங்கப்பாவாலதான் தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்களா" என்று அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. டீச்சர் அந்த அப்பாவையே பள்ளிக்கு அழைத்தார். அவர் வந்து ஊறல், சுண்ணாம்பு, குரோம் என்று ஒவ்வொரு கட்டமாகத் தோல் எப்படிப் போகிறது என்று முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார். அடுத்து சமூக அறிவியல் டீச்சர், வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை எளிமையாகச் சொல்லி நடத்தினார். மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் வலுவாக நின்றதற்கு நம் ஊர் வழக்கு ஒரு முக்கியக் காரணம். நாடு முழுக்கச் சட்டம் படிக்கிறவர்கள் 'வேலூர் வழக்கு' என்று படிக்கிறார்கள், வேலூரில் பிறந்து வளர்ந்த எனக்கு என் மகள் சொல்லித்தான் தெரியும். 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு பற்றி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு கொடுத்தபோது அவள் பத்தாம் வகுப்பு, திருப்புதல் தேர்வு நேரம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அந்தச் செய்தியை எனக்கு முழுக்கப் படித்துக் காட்டினாள்.

சரி, குறைகள்.

பெரிய குறை கணக்குப் பாடம். பதினைந்து பேருக்கு ஒரு டீச்சர் என்பது அரசு அனுமதித்த பணியிடத்தில் நடக்காது, அதனால் பழைய மாணவர்கள் கொடுக்கிற பணத்தில் நிர்வாகமே பல டீச்சர்களைப் போட்டிருக்கிறது. அவர்களுக்குச் சம்பளம் குறைவு. அரசு வேலை கிடைத்தால் போய்விடுவார்கள், யாரும் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் போவேன். என் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் செப்டம்பரில் கணக்கு டீச்சர் போனார், ஜனவரி வரை புது ஆள் வரவில்லை. அறிவியல் டீச்சர் இடையிடையே வந்து நடத்தினார். முக்கோணவியலும் ஆயத்தொலை வடிவியலும் அந்த நான்கு மாதத்தில்தான் வந்தன. அஸ்திவாரமே அங்கே ஆட்டம் கண்டது. கடைசியில் நான் தனியாக டியூஷன் வைத்தேன், மாதம் எண்ணூறு ரூபாய். டியூஷன் வைக்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். தலைமையாசிரியர் சாக்குச் சொல்லவில்லை, "தப்புதாம்மா, மாற்று ஆள் இல்லாம விட்டிருக்கக் கூடாது" என்றார். மே மாதம் பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்குத் தனி வகுப்பு நடத்தினார்கள். ஆனால் நான்கு மாதம் போனது போனதுதான்.

இரண்டாவது, பத்தாம் வகுப்பு. நவம்பர் வரை ஊர் வேலை, அப்புறம் சட்டென்று எல்லாம் நின்று, காலை எட்டரை முதல் மாலை ஆறு வரை திருப்புதல், தேர்வு, திருப்புதல். பேசிப் பழகிய பிள்ளைகள், யோசித்துச் செய்து பழகிய பிள்ளைகள், மூன்று மணி நேரம் விடாமல் எழுதிப் பழகவில்லை. அரையாண்டில் என் மகள் கணக்கில் எட்டு மார்க் வரைபடக் கேள்வியைத் தொடவே இல்லை. தெரியாமல் இல்லை, நேரம் போதவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மாதம் ஒரு முறை முழு நேரத் தேர்வு வைத்திருந்தால் இந்த அவசரம் வந்திருக்காது என்று எழுதியே கொடுத்திருக்கிறேன். பொதுத்தேர்வில் கணக்கு 74, அறிவியல் 91. அறிவியலில் செய்முறைக்கு 25 மார்க், அதில் இந்தப் பள்ளிப் பிள்ளைகள் கை தடுமாறவே மாட்டார்கள். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை இந்த 2025-26 கல்வியாண்டிலிருந்து அரசு எடுத்துவிட்டது, ஆகவே இந்த வருடம் முழுக்க ஊர் வேலை நடக்கிறது. அது நல்லது.

மூன்றாவது ஒன்று, சின்னதாகத் தெரியும், எனக்குச் சின்னது இல்லை. குழு வேலையில் மீட்டரைப் பிடிப்பது பையன்கள், பாட்டில் கழுவுவதும் அழகாக எழுதுவதும் பெண் பிள்ளைகள் என்று தானாகவே ஆகிவிட்டது. எட்டாம் வகுப்பில் கவனித்தேன், குழு டீச்சரிடம் சொன்னேன். அவர் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து யார் எந்த வேலை என்று சுழற்சி அட்டை போட்டுவிட்டார்கள். அதனால்தான் ஒன்பதாம் வகுப்பில் பாட்டில் லேபிளில் 'பிடித்தவர் பெயர்' என்ற இடத்தில் ஐந்து பேர் பெயரும் மாறி மாறி வந்தது. சொன்னால் கேட்கிறார்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மற்றவை சுருக்கமாக. விளையாட்டு மைதானம் பெரியது, கபடி நன்றாக விளையாடுகிறார்கள். கழிப்பறை சுத்தம், ஆனால் பெண் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை போதாது, இடைவேளையில் வரிசை நிற்கிறது. சாப்பாடு வழக்கமான சத்துணவுதான். வருடம் ஒரு முறை ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிப் போகிறார்கள், அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, 1986லிருந்து வேலை செய்கிறது. பக்கத்து மலையில் இப்படி ஒன்று இருப்பதை நம்மில் பாதிப் பேர் போய்ப் பார்த்ததில்லை. ஆங்கிலம் சுமார். படிக்கிறார்கள், புரிந்துகொள்கிறார்கள், பேசத் தயங்குகிறார்கள். மேல்நிலையில் இரண்டே குரூப்தான், கணினி அறிவியல் வேண்டும் என்றால் வேறு பள்ளிக்குப் போக வேண்டும்.

இதைக் கட்டாயம் படியுங்கள், பலருக்குத் தெரியாமல் ஏமாந்துபோகிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. அப்புறம் இன்ஜினியரிங் போன்ற தொழிற்படிப்புகளுக்கு வந்ததும் அரசுப் பள்ளிக்குத்தான். பிள்ளைக்கு டாக்டர் ஆசை உறுதியாக இருக்கிறது, தனியார் கல்லூரிக் கட்டணம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்றால், ஆறாம் வகுப்பிலேயே நல்ல அரசுப் பள்ளியில் சேருங்கள். நான் இந்தப் பள்ளியை எவ்வளவு மதித்தாலும் இதை மறைக்க மாட்டேன். இன்னொன்று, கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிற புதுமைப்பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும் இருந்தது, 2024 டிசம்பர் கடைசியில் உதவி பெறும் பள்ளித் தமிழ் வழிப் பெண் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே படித்திருக்க வேண்டும். என் மகள் ஏழில் சேர்ந்தவள், ஒரே வருடத்தில் தவறிப்போனது. சேர்ப்பதாக இருந்தால் ஆறிலேயே சேருங்கள்.

யாருக்கு ஏற்ற பள்ளி என்று கேட்டால், கேள்வி கேட்கிற பிள்ளை, கேள்வியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை, இந்த இருவருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கையால் செய்கிற வேலையில் ஆசை இருக்கிற பிள்ளைக்கும்தான். எட்டாம் வகுப்பிலிருந்தே நீட் கோச்சிங் என்று திட்டம் போட்டிருக்கிற வீட்டுக்கு ஒத்துவராது, மூன்று மதியம் வீணாகிறது என்று சண்டைதான் வரும், போன வருடம் இரண்டு குடும்பம் அப்படி டிசி வாங்கிக்கொண்டு போனது. கணக்கை மட்டும் வீட்டில் யாராவது ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கல்வி உரிமைச் சட்டப்படி பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது. ஐந்தாம் வகுப்பு முடித்த டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிற பதிவு எண்), இவ்வளவு போதும். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல், போன வருடமும் குலுக்கல்தான் நடந்தது. அன்றைக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். வராண்டாவில் ஒரு எவர்சில்வர் அண்டாவில் சீட்டைப் போட்டு, அங்கே படிக்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையை விட்டு எடுத்துப் பெயரைப் படிக்கும். என் மகள் ஏழு படிக்கிறபோது ஒரு முறை எடுத்தாள், கடைசியில் இடம் கிடைக்காமல் போன பிள்ளைகளின் பெயரையும் அவளே படிக்க வேண்டியிருந்தது, அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. காத்திருப்போர் பட்டியல் ஜூலை கடைசி வரை நகர்கிறது, பெயர் வராவிட்டாலும் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.